மறைக்க வேண்டிய கைகளல்ல



நுனியில் வெள்ளை, மீதி இளஞ்சிவப்பு: இதுவே 'பிரெஞ்ச் மெனிக்கியூர்'. பெயர்தான் பிரெஞ்சு, 1970களில் இதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் ஜெஃப் பிங்க்.

கொழுந்து பறித்து, இறப்பர் பால் வெட்டிக் கறுத்த விரல்களைக் கல்யாண வீடுகளில் சேலைத் தலைப்பால் மூடும் அக்காமாரை நம் தோட்டங்களில் பார்க்கிறேன். உழைத்த கைக்கு வெட்கம் எதற்கு?

வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, துடைத்து, நகங்களை அரத்தால் ஒரே பக்கமாகத் தேயுங்கள். நகத்தடித் தோலை வெட்டாதீர்கள். கிருமியைத் தடுப்பது அதுதான். வெட்டினால் நகச்சுற்று வரலாம். தேங்காயெண்ணெய் தடவினால் தோல் மிருதுவாகும். எண்ணெயைத் துடைத்துவிட்டு இளஞ்சிவப்பு கியூடெக்ஸ் பூசி, காய்ந்ததும் நுனியில் வெள்ளைக் கோடு போடுங்கள்.

பூசுமுன் நகத்தைக் கவனியுங்கள். வெளிறியோ கரண்டிபோல் குழிந்தோ இருந்தால் இரத்தச்சோகையாக இருக்கலாம். அதைக் கியூடெக்ஸால் மூடாமல் கிளினிக்கில் காட்டுங்கள்.