காப்பியத்துச் சூசையும் செருப்புத் தைத்த சூசையும்

சென்னைக்காரர்கள் மாதாவைப் பார்க்க மலையேற வேண்டும். பரங்கிமலை உச்சியில் போர்த்துகீசியர் காலத்துக் கோயில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து அதற்குப் போகும் படிக்கட்டைக் கட்டிக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் உடனே பதில் வரும். கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டியவரும் அவர்தான். பணம் கொடுத்தவர் பெயர் முந்நூறு வருடமாக நிற்கிறது. அந்தக் கல்லை உடைத்தவர், தலையில் வைத்து மலைக்கு ஏற்றியவர் ஒருவர் பெயராவது தெரியுமா?

நம் அரியலூர்ப் பக்கம் ஏறுவதற்கு மலை இல்லை. நமக்கு மாதா கொள்ளிடக் கரையோரம், ஏலாக்குறிச்சியில் இருக்கிறாள். அடைக்கல மாதா. வேதக்காரர்கள் மட்டுமா போகிறார்கள்? எங்கள் தெருவில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டிலிருந்தும் பிள்ளைக்கு மொட்டை போட ஏலாக்குறிச்சிக்குப் போவார்கள். என் அப்பாயி பிறந்த வீடு வேதக்கார வீடு, வாழ்ந்த வீடு மாரியம்மன் வீடு. இரண்டுக்கும் நேர்ந்துகொள்வாள். அவளுக்கு அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

அந்தக் கோயிலின் வரலாற்றை எந்தப் பிள்ளையும் ஒப்பிக்கும். இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1710-இல் கோவாவுக்கு வந்து, பிறகு மதுரை மிஷனில் சேர்ந்து, வீரமாமுனிவர் ஆனார். கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை மராத்திய அரசு. அங்கே 1701-இல் கிறிஸ்தவர்களைப் பிடித்து வதைத்தார்கள். வடக்கே அரியலூர் மழவராயர் பாளையம். ஆற்றைத் தாண்டினால் உயிர் தப்பலாம். அப்படித் தப்பியவர்களுக்கு ஒதுங்க இடமாக இருந்த ஊரைத்தான் முனிவர் திருக்காவலூர் என்று பாடினார். மழவராயருக்கு ராஜபிளவை வந்ததாம். எந்த வைத்தியத்துக்கும் ஆறவில்லை. முனிவர் மாதாவை வேண்டி மருந்து போட்டுக் குணமாக்கினார். மன்னர் மகிழ்ந்து கோயிலுக்கு நிலம் கொடுத்தார். கதை இவ்வளவுதான்.

இந்தக் கதையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எண்ணிப் பாருங்கள். ராஜா, சாமியார், மாதா. மூன்றே பேர்.

ஆற்றைத் தாண்டி ஓடிவந்தவர்கள் யார்? தஞ்சைச் சீமையில் வேதத்துக்கு வந்த பண்ணையாட்கள் அந்தக் கூட்டத்தில் இல்லாமல் இருந்திருப்பார்களா? கோயிலுக்குச் செங்கல் அறுத்தது யார்? சுண்ணாம்பு அரைத்தது யார்? மன்னர் கொடுத்த நிலத்தில் அதுவரை சேற்றில் இறங்கி நட்டது யார், அதற்குப் பிறகு நட்டது யார்? தமிழ்நாட்டில் நிலம் கைமாறும்போது அதில் பாடுபட்ட ஆளும் சேர்ந்து கைமாறிய காலம் ஒன்று உண்டு. நிலத்தோடு ஆளையும் எழுதி விற்ற ஓலைகள் கிடைத்திருக்கின்றன. கம்பெனி அரசு 1843-இல்தான் அடிமை உரிமையைச் சட்டம் ஏற்காது என்றது. ஏலாக்குறிச்சிக் கொடை நிலத்தைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு கோயில் மலரை நான் இதுவரை படித்ததில்லை.

முனிவர் மேல் எனக்குக் கோபமில்லை. எம்.ஏ. தமிழ் படித்தவன் அவர் மேல் கோபப்பட முடியாது. சதுரகராதி இல்லாமல் தமிழில் இன்றைய அகராதி முறை வந்திருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு காட்டியவர் அவர் என்று பாடத்தில் படித்தோம். ஏலாக்குறிச்சி என்று எழுதும்போதே முதல் எழுத்தில் அவர் இருக்கிறார். ஆனால் அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு அவர் பல்லக்கில் போனதாகச் சொல்லும்போது, பல்லக்குத் தூக்கிகளின் தோள்பட்டை எனக்கு ஞாபகம் வருகிறது. என்ன செய்ய, நான் பிறந்த தெரு அப்படி.

அந்தக் காலத்துத் திருச்சபைக்குச் சேரி கண்ணில் படவில்லை என்றும் சொல்ல முடியாது. நன்றாகவே பட்டது. பெஸ்கி இந்தியாவுக்கு வருவதற்கு ஆறு வருடம் முன்பு, 1704-இல், போப்பின் தூதராக வந்த தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். பறையர் நோயில் கிடந்தால் குருக்கள் அவர்கள் வீட்டுக்கே போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆணை போட வேண்டியிருந்தது என்றால், போகாமல் இருந்தார்கள் என்று அர்த்தம். சேரிக்குள் போய்வந்த சாமியாரை மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்பது மிஷனரிகள் சொன்ன காரணம். நாற்பது வருடம் வழக்காடி, 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் வீட்டுக்குள் போயே ஆக வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். இயேசு சபையார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பறையருக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்கிவிடுவது. போப்பும் அதை ஏற்றுக்கொண்டார். பெஸ்கி அப்போது உயிரோடுதான் இருந்தார். 1747-இல்தான் இறந்தார். தீட்டுக்குப் பயந்து இரட்டைக் குவளை வைத்ததற்கும் தீட்டுக்குப் பயந்து இரட்டைச் சாமியார் வைத்ததற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி தலைப்புக்கு வருகிறேன். முனிவரின் தேம்பாவணி 3,615 பாடல்கள் கொண்ட காப்பியம். அதன் தலைவன் ராஜா இல்லை, வீரன் இல்லை. வளன் என்று அவர் தமிழில் பேர் வைத்த சூசையப்பர். தச்சுவேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர். தாவீது ராஜாவின் வம்சம் என்று பெருமை சேர்த்தாலும் கையில் இருந்தது உளிதான். உடலால் உழைத்தவனைக் காப்பியத் தலைவனாக்கிய நூல் அது. வகுப்பில் அதை நடத்தும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம். நிற்க மாட்டேன் என்கிறார்கள், உவமை நயம் எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இன்னொரு சூசை இருந்தார். சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். சாலையோரம் செருப்புத் தைக்கும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்தவர்களுக்குக் கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. அவர் கிறிஸ்தவர். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே.

சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் தோற்றார். நீதிமன்றம் என்ன காரணம் சொன்னது என்பதை மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். மதம் மாறிய பிறகும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, சாதியால் வரும் இழிவும் அதே கடுமையோடு புதிய சமூகத்திலும் தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதற்கு விரிவான, நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது. அதாவது, ஆதாரம் எங்கே என்று கேட்டது.

எங்கே இருக்கும் ஆதாரம்? கோயில் வரலாறு என்று எழுதியதெல்லாம் ராஜா, சாமியார், மாதா என்று மூன்று பேரோடு முடிந்துவிட்டது. நம் பாட்டன் எந்த வாசல் வழியாகக் கோயிலுக்குள் போனான், எந்த மூலையில் உட்கார்ந்தான், அவனை எந்தக் கல்லறையில் புதைத்தார்கள் என்பதை யாரும் எழுதவில்லை. வரலாற்றில் பெயர் இல்லாமல் போனால் மனசு வலிக்கும் என்று மட்டும் நினைத்திருந்தேன். ஒரு பெட்டிக்கடையும் போகும் என்று சூசை வழக்கைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

சாட்சிகளுக்கோ பஞ்சமே இல்லை. எறையூரில் 2008 மார்ச்சில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. வன்னியர் இருவர் செத்தார்கள். எந்தத் தெருவில் விழுந்தாலும் பிணம் பிணம்தான். ஏலாக்குறிச்சி இருக்கிற அதே கும்பகோணம் மறைமாவட்டத்தில், துறையூர்ப் பக்கம் கோட்டப்பாளையம் பங்கைச் சேர்ந்த தலித் கத்தோலிக்கர்கள், திருவிழாவிலும் கோயில் நிர்வாகத்திலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் பலன் கிடைக்காமல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. ஆயர் பேரவையே 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில், சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகு கோயில் மலர்களில் அது ஏன் ஒரு வரிகூட வருவதில்லை?

நம் மாவட்டத்துக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அரியலூரும் ஜெயங்கொண்டமும் குன்னமும் அடங்கிய சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. அங்கே ஒரு தலித் கிறிஸ்தவர் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. ஊராட்சித் தலைவர் பதவி தனியாக ஒதுக்கப்பட்டால் அதிலும் அப்படியே. என் அப்பாயியின் அண்ணன் பேரனுக்கும் எனக்கும் ஒரே பூட்டன். என் சான்றிதழில் எஸ்.சி., அவன் சான்றிதழில் பி.சி. கல்லூரி உதவித்தொகையில் தமிழ்நாடு அரசு மதம் மாறியவர்களையும் சேர்த்திருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் அவனை யாராவது சாதி சொல்லித் திட்டி அடித்தால் வன்கொடுமைச் சட்டம் அவனுக்காக வராது. திட்டுகிறவன் மட்டும் சரியாக அந்தச் சாதிப் பெயரைச் சொல்லித்தான் திட்டுவான். அவன் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்பதில்லை.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், ஒன்றிய அரசு இதை ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்து, பிறகு கெடுவையும் நீட்டித்தது. மறுபடியும் ஆதாரம்தான் கேட்கிறார்கள். இந்த முறையும் வெறுங்கையோடு நிற்கப்போகிறோமா?

சாமி கும்பிடுகிற இடத்தில் சாதியைப் பேசலாமா என்று பெரியவர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். ஐயா, பேச ஆரம்பித்தது நாங்கள் இல்லை. தேர் எந்தத் தெரு வரை போகும் என்று ஒரு கோடு போட்டார்களே, அப்போதே பேச்சு ஆரம்பமாகிவிட்டது. இன்னொரு பயமும் இருக்கிறது, இதையெல்லாம் எழுதினால் மதவெறி அரசியல் செய்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று. எடுத்துக்கொள்வார்கள்தான். நாம் எழுதாமல் விட்டால் அவர்கள் எழுதுவதுதான் வரலாறாக நிற்கும்.

நம் பிள்ளைகள், குறிப்பாக அரியலூர் அரசு கலைக் கல்லூரியில் தமிழும் வரலாறும் படிக்கிறவர்கள், ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு தங்கள் ஊர்ச் சேரியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஏலாக்குறிச்சிக்கு உங்கள் குடும்பம் எத்தனை தலைமுறையாகப் போகிறது, எந்த வழியாக நடந்து போனார்கள், இரவு எங்கே தங்கவிட்டார்கள், எங்கே விடவில்லை என்று கேளுங்கள். ஊர்க் கோயில் கட்டும்போது மண் சுமந்தவர், கூலி வாங்கியவர், கூலி இல்லாமல் செய்தவர் பெயர்களை எழுதுங்கள். உபதேசியார்களாக இருந்த நம் ஆட்களின் பெயர்கள் முக்கியம். சாமியார் வராத நாளில் ஜெபம் சொல்லி, சாவு வீட்டில் நின்றவர்கள் அவர்கள்தான். பங்குக் கோயில்களில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு உண்டு. பங்குத்தந்தையிடம் மரியாதையாக அனுமதி கேளுங்கள். கொடுத்தால் சந்தோஷம். கொடுக்கவில்லை என்றால் என்றைக்குக் கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதையும் அதே நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். ஏலாக்குறிச்சிக் கோயில் நிர்வாகமும் அடுத்த மலரில் மழவராயருக்குக் கொடுக்கிற பக்கங்களில் ஒன்றையாவது இந்தப் பெயர்களுக்கு ஒதுக்க வேண்டும்.

நான் என் ஊரில் தொடங்கிவிட்டேன். எங்கள் பக்கத்துச் சிற்றூரில் ஒரு சின்னக் கோயில். அதன் மணிக்கூண்டுக்குச் செங்கல் சுமந்தவர்களில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் ஒரு பாட்டிக்குக் காது கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகத்தான் கேட்க வேண்டும். சொல்லும்போது விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொல்கிறாள். இதுவரை பதினோரு பெயர் வந்திருக்கிறது. மீதியை யோசித்து வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வா என்றிருக்கிறாள்.