எந்த ஊர் மீன் என்று சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் நல்ல மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களை விடியற்காலையில் காசிமேட்டுக்குத்தான் போகச் சொல்வேன். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு நொச்சிக்குப்பம் லூப் சாலை அங்காடி இருக்கிறது. பக்கத்துக் கரையில் ஃபைபர் படகுகளில் வந்த சங்கரா, நெத்திலி, காரப்பொடி அங்கே கிடைக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை உடனே மேலெழ வேண்டும். கண் குழிந்திருந்தால் வாங்கவே வேண்டாம். துண்டு போட்டு வைத்த வஞ்சிரத்தில் இதையெல்லாம் பார்க்க முடியாது. முழு மீனாக எடை போட்டு, கண்ணெதிரே வெட்டி வாங்குவதே நல்லது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போதும் கடைகளில் பெரிய மீன்கள் குவிந்திருக்கின்றன. வெளி மாநிலத்திலிருந்து ஐஸில் வந்த மீனை விற்பதில் தவறில்லை. அதை 'இன்று பிடித்தது' என்று விற்பது அநியாயம். எந்த ஊர் மீன், என்றைக்குப் பிடித்தது என்று ஒவ்வொரு கடையிலும் பலகை வைக்க மீன்வளத் துறை உத்தரவிட வேண்டும்.

ஒரு வாசகி,
ராயப்பேட்டை, சென்னை