பிரசவத்தில் மூளை பாதித்த குழந்தை: இரண்டு ஆண்டுக் கெடு போதுமா?

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது நம்மவர் வழக்கம். எனவே சித்தூரிலும் திருப்பதியிலும் வேலை பார்க்கும் தமிழர்களின் பிள்ளைகள் பலர் வேலூரிலோ திருத்தணியிலோ பிறக்கிறார்கள். பிரசவ நேரத்தில் பிராணவாயு குறைந்து குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டால், யாரைக் கேட்பது, எந்த ஊரில் கேட்பது என்று குடும்பமே திகைத்து நிற்கிறது.

பிறந்ததும் அழாமை, வலிப்பு, பால் குடிக்க இயலாமை ஆகியவை முதல் அறிகுறிகள். ஆனால் கை கால் இறுக்கமும், உட்கார, நடக்கத் தாமதமும் பல மாதங்கள் கழித்தே புலப்படும். மூளை முடக்குவாதம் என்று டாக்டர்கள் உறுதி செய்வதற்குள் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு ஓடிவிடுகிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும் என்கிறது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். ஆனால் அது ஆணையத்தின் விருப்பமே தவிர, பெற்றோரின் உரிமை அல்ல.

மூளை முடக்குவாதம் எல்லாமே டாக்டரின் தவறால் வருவதல்ல. குறைமாதப் பிறப்பு, கருவில் தொற்று, கடுமையான மஞ்சள் காமாலை ஆகியவையும் காரணமாகலாம். சிசுவின் இதயத் துடிப்பை எப்போது பார்த்தார்கள், ஆபரேஷன் எத்தனை மணிக்கு முடிவாயிற்று என்பவற்றைக் கேஸ் ஷீட்தான் சொல்லும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. அதைக் கேட்டு வாங்குவது சண்டை போடுவதாகாது.

கட்டணம் பெறும் ஆஸ்பத்திரிகள் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்களை அத்தீர்ப்பு விலக்கியது. அங்கே சிவில் கோர்ட்டு வழி உண்டு. 1996-ல் சென்னை எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறந்து, உரிய கண் பரிசோதனை இல்லாமல் பார்வை இழந்த பெண்ணுக்கு, சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்க 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நீதி கிடைத்தது, அதற்குள் 19 ஆண்டுகள் கடந்துவிட்டன.

வெளி மாநிலத் தமிழருக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. பிரசவம் வேலூரில் நடந்திருந்தாலும், தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

வழக்கு முடியட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது. பிசியோதெரபியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு நன்மை. எலும்பு, தசைக் கோளாறுகளுக்குத் திருப்பதியில் தேவஸ்தானத்தின் 'பர்டு' மருத்துவமனை இருக்கிறது. மூளை முடக்குவாதம் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெற்ற குறைபாடு. எனவே சான்றிதழ் பெறலாம். 'நிராமயா' காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழியுண்டு.

கெடுவைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், நோய் உறுதியான நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று சட்டத்திலேயே தெளிவாக எழுதுவதுதான் நியாயம். பேசத் தெரியாத குழந்தைக்காகச் சட்டம் சற்றுப் பொறுத்திருந்தால் குறைந்துவிடாது.