முழு விலையும் கண்ணாடியிலேயே வேண்டும்

ஷோரூமில் நிற்கும் காரின் முன்கண்ணாடியிலேயே, வண்டி ரோட்டுக்கு வரும்வரை ஆகும் செலவு மொத்தமும் இனம் இனமாகப் பிரித்து ஒட்டப்பட வேண்டும். அரசு அதைச் சட்டமாக்க வேண்டும். ரெட்டிபாளையத்தில் இயங்கும் எங்கள் நுகர்வோர் குழுவின் நிலைப்பாடு இதுதான்.

இங்கிருந்து கார் பார்க்க அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் போகிறார்கள். கண்ணாடியில் இருப்பது சலுகை ஸ்டிக்கர். விலை இருப்பதோ விற்பனையாளர் கையிலுள்ள தாளில். எங்களிடம் ஒருவர் காட்டிய கொட்டேஷனில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி. அதன் கீழே மேட், மட்ஃப்ளாப், சீட் கவர் எல்லாம் சேர்த்து ‘எசென்ஷியல் கிட்’. எது கட்டாயம், எது விருப்பம் என்று தாளில் எங்கும் இல்லை. கேட்டால் அந்த வரியை அடித்துவிடுகிறார்கள், கேட்கத் தெரியாதவர் பணத்தைக் கட்டிவிடுகிறார்.

பத்து லட்சம் ரூபாய் என்ற கோடுதான் பெரிய பள்ளம். 2023 நவம்பரில் மாற்றிய தமிழக வாழ்நாள் வரிப்படி, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால், 20 லட்சம் வரை 18. ஷோரூம் விலை 9,90,000 என்றால் வரி 1,28,700. அதே கார் மேல் வேரியன்டில் 10,10,000 என்றால் வரி 1,81,800, அதோடு ஷோரூமே வசூலித்து அரசுக்குக் கட்டும் ஒரு சதவீத டிசிஎஸ் வரி 10,100. ‘இருபதாயிரம்தான் சார் கூட’ என்பார்கள். கையை விட்டுப் போவது 83,200. டிசிஎஸ் தொகையை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதைக்கூட யாரும் சொல்வதில்லை.

விலையை அறிவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. ஒன்றை வாங்கினால்தான் மற்றொன்று என்று கட்டாயப்படுத்துவது அதே சட்டத்தில் புகார் செய்யத்தக்க வணிக முறை. இன்சூரன்ஸை வெளியிலும் எடுக்கலாம்.

2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மோதல் சோதனையின் நட்சத்திர ஸ்டிக்கரை வரவேற்கிறோம். பெரியவர்களுக்கு ஒரு மதிப்பெண், குழந்தைகளுக்கு ஒரு மதிப்பெண், இரண்டையும் பாருங்கள். ஆனால் அந்தச் சோதனை கட்டாயமில்லை. சோதிக்காத காரில் ‘சோதிக்கப்படவில்லை’ என்றே ஒட்டச் சொல்கிறோம். மைலேஜும் அப்படித்தான்: அது சோதனைக் கூடத்து உருளையில் ஓட்டி எடுத்த கணக்கு. சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்கிறவருக்கு அது கிடைக்காது என்பதையும் எழுதட்டும்.

இது நடக்காத காரியமல்ல. அமெரிக்காவில் 1958லேயே சட்டம் போட்டு, புதுக்காரின் கண்ணாடியில் விலை விவரத்தை ஒட்டவைத்தார்கள்.

இங்கே சட்டம் வரும்வரை, கொட்டேஷனோடு வருகிறவர்களுக்கு வரி வரியாகப் படித்துச் சொல்வோம். முன்பணம் கட்டுவதற்கு முன்பே வாருங்கள். சீட் கவரை மாட்டிய பிறகு கழற்றச் சொல்வது கஷ்டம்.