மென்பொருளின் இருப்பிடம்

கணினித் திரையில் உள்ள சிறு படவுருவை அழுத்தியதும் மென்பொருள் திறக்கிறது. அப்படவுருவே மென்பொருள் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அது மென்பொருளுக்குச் செல்லும் வாயில் மட்டுமே. வாயிலை அகற்றினாலும் வீடு இருப்பது போல, படவுருவை நீக்கினாலும் மென்பொருள் கணினியிலேயே இருக்கும். எனவே, மென்பொருளை இயக்கக் கற்பிக்கும் பள்ளிகள், அது கணினியில் எங்கே தங்கியுள்ளது என்பதைக் கண்டறியவும் கற்பித்தல் வேண்டும்.

இது கடினமான கல்வி அன்று. விண்டோஸ் கணினியில் படவுருவின் மீது சுட்டெலியின் வலப்பொத்தானை அழுத்தினால், கோப்பின் இருப்பிடத்தைத் திறக்கும் வசதி பெரும்பாலும் தோன்றும். லினக்ஸ் கணினியில் ‘விச்’ என்னும் கட்டளையுடன் மென்பொருளின் பெயரைத் தட்டச்சு செய்தால், அது இருக்கும் பாதை தெரியும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் டெபியன் வகையைச் சார்ந்தது. அவ்வகைக் கணினிகளில் ‘டிபிகேஜி’ என்னும் கட்டளை, ஒரு மென்பொருள் பொதியின் கோப்புகள் அனைத்தையும் பட்டியலிட்டுக் காட்டும். இயங்கும் கோப்பு ஓரிடத்திலும், துணைக்கோப்புகள் வேறிடத்திலும், விளக்க ஏடுகள் மற்றோரிடத்திலும் இருப்பதை மாணவர் அப்பட்டியலில் காணலாம்.

இவ்வறிவால் விளையும் பயன் பெரிது. ஒரே கணினியில் பைத்தான் மொழியின் இரு பதிப்புகள் இருக்கக்கூடும். கணினி தனக்குக் குறிக்கப்பட்ட கோப்புறைகளை வரிசையாகத் தேடி, முதலில் கிடைப்பதையே இயக்கும். இதை அறியாத மாணவர் புதிய பதிப்பை நிறுவிய பின்னும் பழையதையே இயக்கிக்கொண்டு, தம் நிரலில் பிழை தேடி வருந்துவர். இருப்பிடம் அறிந்தவரோ குறையை விரைவில் உணர்வர்.

“வேண்டுமானால் மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளலாமே” என்று சிலர் கூறலாம். அந்தமானில் அது நெடுங்காலம் எளிதாக இருக்கவில்லை. செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்த இத்தீவுகளுக்கு, சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்டு 10 அன்றுதான் தொடங்கி வைக்கப்பட்டது. முன்னர் போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திற்கு அருகிலுள்ள சிப்பிகாட் போன்ற ஊர்களின் மாணவர்க்கு இது நற்பேறே. ஆயினும் விரைவான இணையம் ஆராயும் பழக்கத்திற்கு ஈடாகாது. கணினியில் இருப்பதை அறியாமல் மீண்டும் மீண்டும் நிறுவுவோர் நினைவிடத்தை வீணாக்குவர். எது தேவையானது, எது ஐயத்திற்குரியது என்று பகுத்தறியவும் இயலாது தவிப்பர்.

தமிழ் கற்கும் மாணவர்க்கு இத்தேடலில் மற்றொரு பயனும் உண்டு. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ‘லொகேல்’ என்னும் கோப்புறையினுள் மொழிதோறும் ஒரு சிறு கோப்புறை இருக்கும். அவற்றுள் ‘டிஏ’ என்னும் ஈரெழுத்துக் குறியீடு தமிழுக்கு உரியது. மென்பொருளின் சொற்களைத் தமிழில் காட்டும் கோப்புகள் அங்கேதான் உள்ளன. அவற்றுள் பல, தன்னார்வலர்களின் உழைப்பால் உருவானவை. கடல் கடந்து வாழும் குடும்பத்தின் பிள்ளை, தன் தாய்மொழிக்கும் கணினியில் ஓரிடம் உண்டு என்பதை அங்கே காண்கிறது.

ஆகவே, கணினி வகுப்பில் ஒரு பாடவேளையேனும் இத்தேடலுக்கு ஒதுக்குதல் நன்று. பயன்படுத்தும் பொருளின் இருப்பிடத்தை அறிந்தவரே அதனை ஆள வல்லவர்.