கேப் போடணுமா, வேண்டாமா? ரேட் கார்டில் இல்லாத அந்த ஒரு கேள்வி!

ரூட் கெனால் முடிந்துவிட்டது. வாய் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. உதட்டைக் கடித்தால்கூட உங்களுக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து லேமினேட் செய்த ஓர் அட்டையைக் கையில் கொடுப்பார்கள். மெட்டல், செராமிக், சிர்கோனியா. பக்கத்திலேயே 5 வருஷம், 10 வருஷம், 15 வருஷம் என்று வாரன்டி. ‘எது வேணும்னு சொல்லுங்க, அளவு எடுத்துடலாம்.’ ஏதோ மொபைல் கடையில் 128 ஜிபியா, 256 ஜிபியா என்று கேட்பது மாதிரி இருக்கும்.

எந்த கேப் என்பது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி அந்த அட்டையில் இருக்காது. ‘டாக்டர், என் பல்லுல இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு?’ கேப் வேணுமா, வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்தக் கேள்விக்கான பதில்தான்.

காரணம் இருக்கு. கேப் என்பது பல்லுக்கு மேலே சும்மா மாட்டுகிற தொப்பி கிடையாது. அது உட்கார இடம் வேண்டும் என்பதால் பல்லைச் சுற்றிலும் ராவுவார்கள். கடிக்கும் பக்கத்தில் மட்டும் சுமார் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் போகும். முழு கேப்புக்காகத் தயார் செய்யும்போது ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் எவ்வளவு போகிறது என்று 2002-ல் எடேல்ஹாஃப், சோரன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் எடை போட்டே பார்த்தார்கள். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை! ராவின பல் திரும்ப வளராது. அந்தப் பல்லுக்கு இனி ஆயுசு முழுக்க ஏதாவது ஒரு கேப் இருந்தே ஆகணும்.

அப்போ கேப்பே வேண்டாமா? அவசரப்படாதீங்க. ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லாக இருந்தால் பெரும்பாலும் வேணும். சொத்தை ஏற்கெனவே உள்ளே குடைந்திருக்கும், நரம்பை எடுக்க டாக்டரும் மேலே ஓட்டை போட்டிருப்பார். மிஞ்சுவது மெல்லிய சுவர்கள்தான். அதை வைத்துக்கொண்டு கோவில்பட்டி கடலை மிட்டாயைக் கடித்தால், பல் நடுவில் நெட்டுக்குப் பிளக்க வாய்ப்பு உண்டு. அப்படி வேர் வரை பிளந்த பல்லை ஒட்டவைக்க முடியாது. பிடுங்குவது ஒன்றே வழி.

இதற்கு எண்களும் இருக்கின்றன. ரூட் கெனாலுக்குப் பிறகு கேப் போடாத பற்கள், கேப் போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பல டாக்டர்கள் ‘கேப் கட்டாயம்’ என்று சொல்வதற்குப் பின்னால் இதுபோன்ற ஆய்வுகள்தான் உள்ளன. ஆனால், இதில் ஒரு சின்ன முடிச்சு. கேப் போட்டுக்கொண்டவர்கள் காசு செலவழிக்க முடிந்தவர்களாக, பல்லை ஒழுங்காகப் பராமரிப்பவர்களாக இருந்திருக்கலாம். காப்பாற்றியது கேப்பா, பராமரிப்பா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளை 2015-ல் காக்ரேன் அமைப்பு தேடியபோது உருப்படியாகக் கிடைத்தது ஒரே ஓர் ஆய்வு, அதில் 117 பேர். 3 வருஷத்தில் கேப்புக்கும் சாதாரண அடைப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவையும் கடைவாய்க்கு முன்னால் இருக்கும் சிறிய பற்கள், பாதிப்பும் குறைவு.

அதனால் பல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும். முன்பல்லில் ரூட் கெனால் செய்து, சுவர்கள் நன்றாக இருந்தால் பல் நிறத்தில் அடைத்தாலே பெரும்பாலும் போதும். கடைவாய்ப் பல்லிலேயே பாதி நல்லா இருந்தால், கடிக்கும் முகட்டை மட்டும் மூடும் ‘ஆன்லே’ பற்றிக் கேளுங்கள். முழு கேப் அளவுக்கு ராவ வேண்டியதில்லை. ‘எக்ஸ்-ரே காட்டுங்க டாக்டர், எந்தச் சுவர் மெலிசா இருக்கு?’ என்று கேட்டால் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இன்னொருவரிடம் காட்டவும் உதவும்.

ரீல்ஸில் வரும் ‘ஸ்மைல் டிசைனிங்’ சமாசாரம் வேறு. சொத்தையே இல்லாத ஆறேழு முன்பற்களை ராவி, வரிசையாக வெள்ளை கேப் மாட்டுவது. 25 வயசில் அதைச் செய்துகொண்டால், 40-லும் 55-லும் மறுபடி மாற்ற வேண்டிவரலாம். சில பற்களில் நரம்பு பின்னாளில் செத்துப்போய் ரூட் கெனால் வரைக்கும் போகும். கோணல் என்றால் கிளிப், கறை என்றால் சுத்தம் செய்தல், பிளீச்சிங் என ராவாத வழிகளை முதலில் கேளுங்கள். அப்படியே கேப் போட்டாலும் பேப்பர் வெள்ளையில் கேட்காதீங்க. முத்துநகர்க்காரர்களுக்குச் சொல்லவா வேணும்? அசல் முத்தே லேசான மஞ்சள் கலந்த நிறம்தானே!

அட்டையில் இல்லாத இன்னொரு விஷயத்தைக் கேட்கவைத்தது வாணியம்பாடி. திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரின் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் 8 பேர் மூளையைத் தாக்கும் ‘மெலியாய்டோசிஸ்’ என்ற பாக்டீரியா தொற்றில் இறந்தார்கள். நடந்தது 2023 வாக்கில். ஐ.சி.எம்.ஆர் நிறுவனம், வேலூர் சி.எம்.சி, தமிழக பொது சுகாதாரத் துறையினர் சேர்ந்து செய்த ஆய்வு வெளியாகி, 2025 மே மாதம்தான் பொதுவெளியில் செய்தியானது. ஆய்வு கை காட்டியது எதைத் தெரியுமா? பல்லைக் கழுவப் பயன்படும் சலைன் பாட்டிலை. கிருமி நீக்கம் செய்யாத ஒரு கருவியால் அதைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, திரும்பத் திரும்பப் பலருக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இது மிக அரிதான சம்பவம். இதைப் படித்துவிட்டுப் பல் வலியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பது தப்பான முடிவு. ஆனால், சிர்கோனியா எந்த நாட்டு பிராண்ட் என்று விசாரிக்கும் நாம், அந்த பாட்டிலைப் பற்றி விசாரிப்பதே இல்லை. கருவிகள் ஒட்டிய கவரில் இருந்து உங்கள் கண்முன்னே எடுக்கப்படுகின்றனவா? ஆட்டோகிளேவில் வைத்து எடுத்த கவர் என்றால் அதில் உள்ள அடையாளக் குறி நிறம் மாறியிருக்கும். சலைன் புதுசா? டாக்டரின் பதிவு எண் எங்கே மாட்டியிருக்கிறது? தமிழ்நாட்டில் கிளினிக்குகளே சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.

எங்கே போவது என்பதும் தலைவலிதான். தூத்துக்குடி - திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் நம்ம புதுக்கோட்டையில் உட்கார்ந்து ‘புதுக்கோட்டை அரசு பல் மருத்துவமனை’ என்று தேடினால், 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இன்னொரு புதுக்கோட்டைக்கு மேப் வழி காட்டும். அங்கேதான் 2023 நவம்பரில், சென்னை, சிதம்பரத்துக்கு அடுத்த 3-வது அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெயர் நமக்கு, கல்லூரி அவங்களுக்கு! தென்கோடியில் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஒன்றுகூட இல்லை என்பது சிரித்துவிட்டுக் கடக்கிற விஷயம் இல்லை. சாதாரண ஹெல்த் இன்ஷூரன்ஸும் விபத்து தவிர பல் செலவுக்குப் பெரும்பாலும் கை கொடுக்காது. கையிருப்புதான் ஒரே வழி என்னும்போது, ‘இன்னைக்கே புக் பண்ணா பாதி விலை’ விளம்பரத்துக்கு மனசு சாய்வது இயல்பு. காசு நெருக்கடி என்றால் காவல்கிணறு ராஜாஸ் மாதிரி தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் விசாரித்துப் பாருங்கள். இதுபோன்ற கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், பொதுவாகச் செலவு குறையும். நாலைந்து நடை கூடலாம்.

சரி, போடுவது என்று முடிவாயிடுச்சு. பின்னால் கடைவாய் என்றால் மெட்டல் கேப்பே தாராளம். விலை குறைவு, உறுதி அதிகம், ராவுவதும் கம்மி. நிக்கல் ஒவ்வாமை இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். சிரிக்கும்போது தெரியும் இடம் என்றால் செராமிக் அல்லது சிர்கோனியா. வாரன்டி அட்டையை நன்றாகப் படியுங்கள். அது கேப் உடைந்தால் மட்டும்தான். ஆனால், பிரச்னை அடிக்கடி வருவது கேப்பின் ஓரத்தில் ஈறை ஒட்டிப் புதுசாகச் சொத்தை நுழையும்போது. அதற்கு எந்த கம்பெனியும் பொறுப்பேற்காது. ஓரத்தில் பிரஷ்ஷும், பல் இடுக்கில் ஃபிளாஸ் நூலும் தினமும் போனால் 10, 15 வருஷம் ஓடும்.

வழக்கமாக ரெண்டு நடை. முதல் நாள் மரத்துப்போக ஊசி, ராவுதல், அளவு. தற்காலிக கேப் ஒன்றை லேசான சிமென்ட்டில் ஒட்டி அனுப்புவார்கள். லேபில் இருந்து வர ஒரு வாரம் போல ஆகும். அதுவரை திருநெல்வேலி அல்வாவும் சூயிங்கம்மும் அந்தப் பக்கம் வேண்டாம், இழுத்துக்கொண்டு வந்துவிடும். ரெண்டாவது நாள் ஒட்டுவதற்கு முன்பே கண்ணாடி கேட்டு, பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். ஒட்டிய பிறகு மாற்ற வேண்டும் என்றால் வெட்டித்தான் எடுக்கணும்.

கடித்துப் பார்க்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் ‘பழகிடும்’ என்று எழுந்து வராதீங்க, சொல்லித் தேய்க்கச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் ஈறு வலி இருக்கும். நரம்பு எடுக்காத பல் என்றால் கூச்சமும் சேரும், மெல்லக் குறைய வேண்டும். நாளாக நாளாக வலி கூடினாலோ, ராத்திரி தூங்கவிடாமல் துடித்தாலோ உடனே திரும்பப் போங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் நைட் கார்டு பற்றியும் அன்றைக்கே கேட்டுவிடலாம்.

என்றாவது ஒருநாள் சாப்பிடும்போது கேப் கழன்று கையோடு வந்தால் பதற வேண்டாம். கழுவி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ரெண்டொரு நாளில் கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். பல் நன்றாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டிக் கொடுப்பார்கள். ஃபெவிகுயிக் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.