வல்வெட்டித்துறை ஏடுகள்: எழுத்துக்கு முன் ஓலை

வல்வெட்டித்துறை உள்ளிட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சி வீடுகளில் எஞ்சியுள்ள ஏடுகளை ஆராய்வோர் முதலில் பார்க்க வேண்டியது ஓலையை. பனையோலை தடித்தது, அகலம் குறைந்தது. தாளிப்பனை ஓலை மெல்லியது, அகன்றது, நன்கு வளைவது. குடாநாட்டின் வறண்ட மண் பனைக்கு உரியது. தாளிப்பனை இலங்கையின் ஈரவலயத்திலும் கேரளத்திலும் வளர்கிறது. ஆகவே வல்வெட்டித்துறையில் தாளிப்பனை ஏடு கிடைத்தால், ஓலையோ நூலோ வெளியிலிருந்து வந்தது என்று கொள்ள வேண்டும். தமிழகக் கரைக்கும் பர்மாவுக்கும் பாய்க்கப்பல் ஓட்டிய ஊரில் இது வியப்பன்று.

எழுத்தாணி கீறிய கோட்டில் விளக்குக்கரியும் இலைச்சாறும் மஞ்சளும் சேர்ந்த மை தடவப்படும். மஞ்சள் பூச்சியையும் தடுக்கும். பழைய ஏடுகளில் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். இவற்றைப் பதிப்பாசிரியர் தம் புலமையால் தீர்த்துக்கொண்டார். காலத்தைத் தீர்ப்பது அதைவிடக் கடினம். ஏட்டின் இறுதியில் விரோதி வருடம் என்று மட்டும் இருந்தால் அது 1829ஆகவும் இருக்கலாம், 1889ஆகவும் இருக்கலாம். மாதம், தேதியோடு கிழமையோ நட்சத்திரமோ இருந்தால் பஞ்சாங்கக் கணக்கில் ஒன்றை விலக்க முடியும். அந்த வரிகளையே அச்சுப் பதிப்புகள் பெரும்பாலும் விட்டுவிட்டன.

19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் ஏட்டை அச்சாக்குவதில் முன்னின்றது. ஆறுமுக நாவலருக்குப் பின், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். தொட்டால் ஒடியும் ஏடுகளோடு பட்ட பாட்டை அதன் பதிப்புரையில் உருக்கமாக எழுதினார். வல்வெட்டித்துறையில் இயற்றமிழ்ப் போதகாசிரியர் ச. வயித்தியலிங்கபிள்ளை அச்சுக்கூடம் நடத்தி, பழைய நூல்களை உரையுடன் வெளியிட்டார். இவர்களால் நூல்கள் பிழைத்தன. ஆனால் அச்சேறியபின் ஏடு தேவையற்றது என்ற எண்ணமும் வளர்ந்தது. அதன் இழப்பு பெரிது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களோடு ஏடுகளும் அழிந்தன. 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படையின் நடவடிக்கையில் வல்வெட்டித்துறை வீடுகள் எரிந்தன. இதனால் எஞ்சிய ஒவ்வொரு ஏட்டுக்கட்டும் தனிச்சான்று. நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகளின் எண்ணிமப்படுத்தல் பாடத்தைக் காக்கிறது. அது மிக வேண்டிய பணி. எனினும் படத்தில் ஓலையின் தடிப்பு வராது. முன்பே துடைத்துவிட்ட ஓலையின் மை எச்சமும் வராது. ஓலையைக் காக்க எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசியபின் பழைய மையைச் சோதிப்பதும் கடினம்.

எனவே களப்பணியாளர் கட்டை அவிழ்க்குமுன் மரச்சட்டம், கயிறு, கண்துளை, ஓலையின் நீள அகலம், வீட்டார் சொல்லும் கைமாறிய வரலாறு ஆகியவற்றை அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். துடைப்பதும் எண்ணெய் பூசுவதும் அதற்குப் பிறகு நடக்கட்டும்.